போத்தலில் வரும் விற்றமினும் அடங்காத அழற்சியும்

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் பொதிகளில் இப்போது சொக்லேட்டுக்குப் பக்கத்தில் விற்றமின் போத்தல்களும் இருக்கின்றன. வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் அவற்றை அடிக்கடி காண்கிறேன். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கிப்போன ஓர் அம்மா, கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு மகன் அனுப்பிய விற்றமின் ஈ குளிசையை மட்டும் போட்டு வந்தார். “இதிலே பக்க விளைவு ஒண்டும் இல்லைப் பிள்ளை” என்றார். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

அழற்சி என்பது உடலின் காவல் வேலை. காயம்பட்ட இடத்தில், கிருமி புகுந்த இடத்தில் வெண்குழியங்கள் திரண்டு, வீரியமான ஒட்சிசன் மூலக்கூறுகளை வெளியிட்டுக் கிருமிகளைக் கொல்கின்றன. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்க வேண்டும். முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் அது அடங்குவதில்லை. அதே மூலக்கூறுகள் சொந்த இழையங்களையே தாக்குகின்றன. விற்றமின் சி, விற்றமின் ஈ, பீற்றா கரோட்டின் ஆகியவை அவற்றைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை என்பதால் ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படுகின்றன. அப்படியென்றால் அவற்றைக் கூடுதலாக விழுங்கினால் நோய் குறையும்தானே?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 39,144 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 600 அலகு விற்றமின் ஈ கொடுத்தார்கள். அது முடக்குவாதம் வருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை என்பது 2008இல் வெளியானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு இன்னும் மோசம். பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்ததை 1994இல் கண்டார்கள். (கரட் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை, குளிசையில்தான்.)

விற்றமின் டி சற்று வேறு கதை. 25,871 அமெரிக்கர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளளவில் தினமும் 2000 அலகு எடுத்தவர்களுக்கு, உடல் தன்னையே தாக்கும் நோய்கள் புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்தது. அது நோய் வராமல் காப்பது பற்றியது. வந்த நோயை மாற்றுவது பற்றியதல்ல. இரத்தப் பரிசோதனையில் விற்றமின் குறைவாகத் தெரிந்தாலும், அதுவே நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அழற்சியே இரத்தத்தில் சில விற்றமின்களின் அளவைக் குறைத்துவிடும்.

கிளினிக்கில் தரும் ஒரு சாதாரண விற்றமின்தான் இதில் மிக முக்கியமானது என்பேன்: போலிக் அமிலம். முடக்குவாதத்துக்கு வழமையாகக் கொடுக்கப்படும் மெதோற்றெக்சேற், உடல் போலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு ஆகியவை இதனால் வரலாம். அவற்றைக் குறைக்கவே போலிக் அமிலம் சேர்த்துத் தரப்படுகிறது. “சும்மா விற்றமின்தானே” என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். மெதோற்றெக்சேற் கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிராபத்து. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பிரெட்னிசோலோனை நெடுநாள் எடுத்தால் எலும்பு தேயும். அதனால்தான் கல்சியமும் விற்றமின் டியும் தருகிறார்கள். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

போரைக் கடந்த நமக்கு இன்னொரு தகவல். கடும் மனவடுவும் மன அழுத்த நோய்களும் உள்ளதாகக் கண்டறியப்பட்ட ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சுவீடனில் தொடர்ந்து அவதானித்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு இவ்வகை நோய்கள் வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று 2018இல் தெரியவந்தது. தூக்கமின்மையையும் பழைய நினைவுகளின் தொல்லையையும் கிளினிக்கில் சொல்லாமல் விடுகிறோம். அதுவும் மூட்டு வலியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விடயம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒரு கொய்யாப்பழத்திலேயே ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் சி கிடைத்துவிடும். முருங்கையிலையும் சின்ன மீன்களும் நல்லவை. பெருமளவு விற்றமின் சி குளிசைகள் சிறுநீரகக் கல்லை உண்டாக்கலாம்; சிறுநீரக நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவருக்கு, கூடிய அளவு விற்றமின் ஈ இரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலுள்ள போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.