இருட்டில் ஒளிர்ந்த பழைய வாட்ச்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், அவன் செட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். "சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் பார்த்திருக்கேன். 1972-ல செஞ்சது. நாலு லட்சத்து இருபதாயிரம் சொல்றாங்க. வாங்கலாமா?"

"ஏம்ப்பா, முப்பது வருஷம் எச்.எம்.டி. ஜனதா கட்டினவன்கிட்டயா இதைக் கேக்குற?"

"பழைய பொருள் எதுவானாலும் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல கேளுன்னு நீங்கதானே சார் சொல்வீங்க."

மடக்கிவிட்டான். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். பாதி கையில் இருக்கிறதாம், பாதிக்குக் கடன். "இது முதலீடு சார். விலை ஏறிக்கிட்டேதான் போகும்னு கடைக்காரர் சொல்றார்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படங்களை அனுப்பச் சொன்னேன். எட்டுப் படங்கள் வந்தன. கடைசிப் படம் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தது. முள்ளும் டயலின் புள்ளிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. "ராத்திரி முழுக்க இப்படியே இருக்கு சார், புதுசு மாதிரி" என்று பெருமையாக எழுதியிருந்தான்.

அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

ரோலக்ஸ் என்றால் சுவிட்சர்லாந்து என்று நினைக்கிறோம். அது தொடங்கியது லண்டனில். ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர், சிறு வயதில் பெற்றோரை இழந்தவர், 1905-ல் மைத்துனரோடு சேர்ந்து அங்கே கம்பெனி ஆரம்பித்தார். 1908-ல் ரோலக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். முதல் உலகப்போருக்குப் பிறகுதான் ஜெனீவாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் ஆண்கள் சட்டைப்பை கடிகாரம்தான் வைத்திருப்பார்கள். கைக்கடிகாரம் பெண்கள் அணியும் நகை என்று எண்ணம். அதோடு தூசியும் தண்ணீரும் உள்ளே போனால் அதன் கதை முடிந்தது. 1926-ல் வில்ஸ்டார்ஃப் தண்ணீர் புகாத 'ஆய்ஸ்டர்' கூட்டைக் கொண்டுவந்தார். ஆய்ஸ்டர் என்றால் சிப்பி.

சொன்னால் மக்கள் நம்ப வேண்டுமே. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அடுத்த சில நாளில் இன்னொரு பெண் கடந்ததாகச் சொன்னது பொய் என்று தெரிந்ததும், இவர் மீதும் சந்தேகம் வந்துவிட்டது. நிரூபிக்கிறேன் என்று அக்டோபர் 21-ல் மறுபடி இறங்கினார். கழுத்தில் ஓர் ஆய்ஸ்டர் வாட்ச். குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய பிறகு படகில் தூக்கிப் போட்டார்கள். நீச்சல் முடியவில்லை, வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம். வாட்சோடு சேர்த்து ஒரு கதையை விற்கும் வித்தையை வில்ஸ்டார்ஃப் அன்றே பிடித்துவிட்டார். இன்று வரை அந்த விலையில் ஒரு பங்கு இரும்புக்கு, ஒரு பங்கு வேலைப்பாட்டுக்கு, பெரும்பங்கு கதைக்கு. இதில் இழிவு ஒன்றும் இல்லை. கொடுக்கிறவனுக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

இனி பெரிய புயல். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ கம்பெனி 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சிறிய காரின் விலை. ஸ்பிரிங்கும் சக்கரமும் செய்த வேலையை பேட்டரியும் படிகமும் செய்தன, அதுவும் பல மடங்கு துல்லியமாக. சில ஆண்டுகளில் விலை தரைக்கு வந்தது. சாவி கொடுக்கும் வாட்சுக்கு வேலை போய்விட்டது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் ஏறத்தாழ 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். நம் பக்கமும் அந்த அலை வந்தது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. சாவி வாட்சையே பெரிதும் நம்பியிருந்தது. எண்பதுகளில் ஓசூரில் டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், குவார்ட்ஸை நம்பி இறங்கியது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016-ல் முடிவானது. டைட்டனை உங்கள் கையிலேயே பார்க்கிறீர்கள்.

அந்தப் புயலில் ஒரு மனிதரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லெ லோக்ல் ஊரில் ஜெனித் தொழிற்சாலை. 1969-லேயே 'எல் பிரிமேரோ' என்ற அருமையான இயந்திரத்தைச் செய்தவர்கள். 1975-ல் அமெரிக்க முதலாளிகளிடமிருந்து உத்தரவு வந்தது: இனி குவார்ட்ஸ்தான், பழைய இயந்திரத்துக்கான கருவிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போடுங்கள். சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிற்சாலையின் மாடப்பரணுக்குக் கொண்டுபோய், எது எதற்கு என்று குறித்து வைத்து, சுவர் மறைவில் ஒளித்துவிட்டார். எண்பதுகளில் மீண்டும் அந்த இயந்திரத்துக்குக் கேட்பு வந்தபோது மனிதர் பரணைத் திறந்து காட்டினார். 1988-ல் ரோலக்ஸ் தன் 'டேடோனா' வாட்சுக்குள் வைத்தது அந்த எல் பிரிமேரோவை, சில மாற்றங்களோடு. முதலாளி குப்பை என்று சொன்னதைத் தொழிலாளி சொத்து என்று நினைத்ததால் பிழைத்தது.

அதே டேடோனாவின் இன்னொரு கதை. அறுபதுகளில் அதன் வேறு மாதிரி டயல் ஒன்று கடைகளில் விற்காமல் கிடந்தது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கிறது என்று யாரும் தொடவில்லை. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். கணவர் கார்ப் பந்தயத்தில் இறங்கியவர், ஆகவே ஜாக்கிரதையாக ஓட்டுங்கள் என்று பின்பக்கம் பொறித்துக் கொடுத்தார். 1984-ல் நியூமன் அதைத் தன் மகளோடு பழகிவந்த கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் பல ஆண்டு அதைச் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிந்தான். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது அதன் விலை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். அதே மாதிரி டயல் உள்ள மற்ற டேடோனாக்களுக்கும் நல்ல விலைதான், ஆனால் அதில் சிறு பகுதிகூடக் கிடையாது. கூடுதல் விலை அந்தப் பொறித்த எழுத்துக்கும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததற்கும்.

இதைக் கேட்டதும் 'பரணில் தேடு, கோடீஸ்வரன் ஆகு' என்று தோன்றும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. எடுத்தது ஒமேகா கம்பெனியே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் உண்மை வெளிவந்தது. பல வாட்சுகளின் உதிரி பாகங்களைக் கோத்துச் செய்த ஒட்டு வேலை அது. அதில் தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கே பங்கு இருந்தது என்று கம்பெனியே சொன்னது. செய்தவனையே ஏமாற்ற முடிகிறது என்றால், நாலு லட்சத்தோடு போகும் நம் பையன் எந்த மூலை?

இப்போது அந்த இருட்டுப் படத்துக்கு வருகிறேன்.

கல்வெட்டு எந்தக் காலம் என்று எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்வார்கள் என்று படித்தீர்கள் அல்லவா? வாட்சில் அந்த வேலையைச் செய்வது ஒளிரும் பூச்சு. முதலில் ரேடியம் பூசினார்கள். நாம் இன்றைக்கும் பளபளக்கும் ஸ்டிக்கரை ரேடியம் என்கிறோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் டயலுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டால் கூராக்கிக் கூராக்கி, 1920-களில் தாடை எலும்பு உளுத்துச் செத்தார்கள். 1960-களில் அதை விட்டு ட்ரிடியத்துக்கு மாறினார்கள். அதற்கு அடையாளமாக டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் ஒரு 'டி' எழுத்து இருக்கும். 1990-களின் இறுதியில் கதிர்வீச்சே இல்லாத புதுப் பூச்சு வந்தது. 'டி' எழுத்துகளும் போயின.

ட்ரிடியம் ஏறக்குறைய பன்னிரண்டே கால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஐம்பது ஆண்டு தாண்டினால் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே 1972-ல் பூசிய டயல் இன்று ராத்திரி முழுக்கப் பச்சையாக ஒளிர வழியே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயலின் அடியில் 'டி' எழுத்தும் இல்லை.

அதற்காக வாட்ச் போலி என்று சொல்லிவிட முடியாது. பழுது பார்க்கப் போனபோது கம்பெனியே புது டயலும் முள்ளும் போட்டிருக்கலாம். கட்டிக்கொள்ள அது நல்ல வாட்சாகவே இருக்கலாம். ஆனால் அது முழுவதும் 1972 ஆகாது, அந்த விலையும் ஆகாது. கோயிலை எடுத்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுக் கல்லில் வெட்டி, இது பழையதன் படி என்று அதிலேயே எழுதி வைத்த நேர்மை நம் முன்னோருக்கு இருந்தது. அந்த ஒரு வரியைத்தான் கடைக்காரர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

பளபளப்புக்கு மயங்காதீர்கள் என்று சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அப்பா ரயில்வேயில் கார்டு. அவரிடம் ஒரு வெஸ்ட் எண்ட் வாட்ச் இருந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல், டயல் பழுப்பேறி, பின்மூடியில் அவரே ஊசியால் கிறுக்கிய பெயரெழுத்தும் பணியில் சேர்ந்த வருஷமும். அவர் காலமான மறு வருஷம், அம்மாவை மகிழ்விக்கலாம் என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்துப் புதுப்பித்தேன். டயலுக்குப் புதுப் பெயின்ட், கூட்டுக்குப் பாலிஷ். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, நான் கேட்டதைத்தான் செய்தார். கண்ணாடி போல மின்னிய வாட்சை அம்மா கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் பின்மூடியைத் தடவினார். "அவர் எழுதினது எங்கடா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டை மழுக்கியதைப் பற்றி வகுப்பில் ஆவேசமாகப் பேசிய வாத்தியார், வீட்டில் செய்த காரியம் இது.

தம்பி, இனி உனக்கு. கடன் வாங்கி வாட்ச் வாங்காதே. 2022 தொடக்கத்தில் உச்சியில் இருந்த பழைய ரோலக்ஸ் விலை, அடுத்த மாதங்களிலேயே இறங்கியது. உச்சியில் கடனுக்கு வாங்கியவன் வாட்சையும் பார்த்துத் தவணையையும் பார்த்து உட்கார்ந்திருப்பான். கையில் உள்ள பணத்துக்குள் ஆசைப்பட்டு வாங்கினால் தப்பில்லை, உழைத்த காசு. வாங்குமுன் மூடியைத் திறந்து, கடைக்காரருக்குச் சம்பந்தமில்லாத வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் காட்டு. கூட்டிலுள்ள எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார். எந்தெந்தப் பாகம் மாற்றியது என்பதைப் பில்லில் எழுதி வாங்கு. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்க வரி கட்டிய ரசீதைக் கேள். எழுதித்தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. 2022 கடைசியிலிருந்து ரோலக்ஸே பழைய வாட்சைச் சோதித்து, இரண்டு வருஷ உத்தரவாதத்தோடு குறிப்பிட்ட கடைகள் வழியே விற்கிறது. விலை கூடுதல்தான். தூக்கம் வரும்.

நேற்று ராத்திரி அவனிடம் டயல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை சார்" என்றான். நிம்மதியாகப் படுத்தேன்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவின் வாட்ச், அப்பாவின் வாட்ச் ஏதாவது ஓடாமல் கிடந்தால் அப்படியே படம் எடுத்து, யார் கட்டியது, எப்போது வாங்கியது என்று இரண்டு வரி எழுதிக் கீழே போடுங்கள். ஓட வைக்க வேண்டுமானால் உள்ளே எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்கள். பாலிஷ் வேண்டாம்.