கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறதா? கண் வறட்சி ஏன் வருகிறது... சொட்டு மருந்து வாங்கும் முன் என்ன தெரிய வேண்டும்?

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் காலை நேரம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆர் பக்கம் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். முகத்தில் தூசும் புகையும் அடிக்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் வேலை. ராத்திரி வீடு திரும்பி, ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் மொபைல். அடுத்த நாள் காலையில், "கண்ணு ரொம்ப உறுத்துது, எரியுது" என்று பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பலருக்கும் பழக்கமான இந்தப் பிரச்னையின் பெயர் கண் வறட்சி. பெரும்பாலும் தினசரி பழக்கத்தை மாற்றினாலே கட்டுக்குள் வந்துவிடும். ஆனால் கேட்காமல் கொள்ளாமல் வாங்கிப் போடும் சொட்டு மருந்து, சில சமயம் வறட்சியை விடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

கண் வறட்சி என்றால் என்ன?

கண்ணீர் என்பது அழும்போது மட்டும் வருவதல்ல. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவுகிறது. அதில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. கண்ணோடு ஒட்டிக்கொள்ள வழவழப்பான சளிப் பொருள், நடுவில் தண்ணீர், அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்க மேலே எண்ணெய். இந்த எண்ணெய், இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் இருந்து வருகிறது.

தண்ணீர் குறைவாகச் சுரந்தாலும் சரி, எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டாலும் சரி, படலம் சீக்கிரம் உடைந்துவிடும். அப்போது உறுத்தல், எரிச்சல், சிவப்பு, கண் களைப்பு எல்லாம் வருகிறது. படிக்கும்போது எழுத்து மங்குவதும், இமைத்தால் மறுபடி தெளிவாவதும் இதன் முக்கிய அறிகுறி.

"என் கண்ணில் தண்ணியா ஊத்துது, அப்புறம் எப்படி வறட்சி?" என்று பலரும் கேட்பார்கள். கண் வறண்டு உறுத்தும்போது, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அதில் போதுமான எண்ணெய் இல்லாததால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. அதனால் கண்ணில் நீர் வடிவதும் வறட்சியின் அறிகுறியாக இருக்கலாம்.

வியர்வை கொட்டும் சென்னையில் கண் மட்டும் வறள்வது ஏன்?

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம்தான். ஆனால் நாளின் பெரும்பகுதி அந்தக் காற்றில் கழிவதில்லை. ஏசி, அறையில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஃபேன் காற்றும், பைக்கில் போகும்போது அடிக்கும் காற்றும் நேராகக் கண்ணில் பட்டு கண்ணீரை ஆவியாக்குகின்றன.

அதைவிடப் பெரிய காரணம் திரை. சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு சுமார் 15 முதல் 20 முறை இமைப்பார். மொபைல், கம்ப்யூட்டர் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடலாம். இமைத்தாலும் முழுசாக மூடாமல் அரைகுறையாக மூடுகிறோம். எண்ணெய்ச் சுரப்பியில் இருந்து எண்ணெய் வெளியே வர, இமை முழுசாக மூட வேண்டும்.

இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. வயது கூடும்போதும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்திலும் வறட்சி அதிகமாகிறது. சர்க்கரை நோய், தைராய்டு, முடக்குவாதம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். சளி, அலர்ஜிக்கு எடுக்கும் சில மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் ஆகியவையும் கண்ணை வறள வைக்கும். லேசர் மூலம் கண்ணாடியை நீக்கும் சிகிச்சை, கண்புரை ஆபரேஷன் ஆகியவற்றுக்குப் பிறகும் சில மாதங்கள் வறட்சி இருக்கலாம். இப்படிப்பட்ட மருந்து எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. எழுதித் தந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா சொட்டு மருந்தும் ஒன்றல்ல

மெடிக்கல் ஷாப்பில் "கண்ணுக்கு டிராப்ஸ் கொடுங்க" என்று கேட்டால், முற்றிலும் வேறு வேறு வேலை செய்யும் மருந்துகளில் ஏதோ ஒன்று கைக்கு வரலாம்.

முதல் வகை, செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்ற பொருள் கலந்திருக்கும். கண்ணுக்கு ஈரப்பசை தருவதுதான் இதன் வேலை. கண் வறட்சிக்குப் பொதுவாகப் பயன்படுவது இதுதான்.

இரண்டாவது, சிவப்பைப் போக்கும் மருந்து. நாஃபசோலின் போன்றவை ரத்தக் குழாயைச் சுருக்கி கண்ணை வெள்ளையாகக் காட்டும். வறட்சி அப்படியே இருக்கும். நிறுத்தியதும் சிவப்பு முன்பை விட அதிகமாகத் திரும்பி வரலாம்.

மூன்றாவது, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற பெயர்கள் லேபிளில் இருக்கும். போட்ட உடனே எரிச்சல் குறைவதால், "இதுதான் நல்லா கேக்குது" என்று பலர் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா வரலாம். கண்புரையும் வரலாம். கிளாக்கோமாவால் போன பார்வை திரும்ப வராது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாத மருந்து இது. பழைய சீட்டை வைத்து மறுபடி வாங்குவதும் தவறு.

2023இல் நடந்தது என்ன?

செயற்கைக் கண்ணீர் என்றாலும் கவனம் தேவை என்பதை உலகத்துக்கே காட்டிய சம்பவம் சேலையூருக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு மாவட்டத்தில் தயாரான ஒரு மருந்தோடு தொடர்புடையது.

திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் உள்ள குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, எஸ்ரிகேர் உள்ளிட்ட பெயர்களில் அமெரிக்காவில் விற்கப்பட்டது. அங்கே பல மாநிலங்களில் ஒரே மாதிரியான கிருமித் தொற்று பரவியது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் வகை பாக்டீரியா அது. பாதிக்கப்பட்டவர்கள் பயன்படுத்தி வந்த, திறந்த பாட்டில்களில் அந்தக் கிருமி இருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. 2023 பிப்ரவரியில் நிறுவனம் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றது.

அந்த மையத்தின் இறுதிக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 4 பேர் உயிரிழந்தனர். 14 பேருக்குப் பார்வை பறிபோனது. 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது.

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தான் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று அறிவித்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ, பலமுறை திறந்து மூடிப் பயன்படுத்தும் பாட்டிலில் போதுமான பதப்படுத்தும் பொருள் இல்லை, கிருமிச் சோதனை சரியாக இல்லை என்று குறை சொன்னது.

இதில் வாங்குபவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பதப்படுத்தும் பொருள் சேர்த்த பாட்டிலில் கிருமி வளர்வது தடுக்கப்படும். ஆனால் அந்தப் பொருளே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். அதனால் ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போடுபவர்களுக்கு, பதப்படுத்தும் பொருள் இல்லாத மருந்தை டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள். அது ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பியாகவோ, கிருமி உள்ளே போகாதபடி வடிவமைத்த பாட்டிலாகவோ இருக்க வேண்டும். ஒரு தடவைக்கான குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது.

சொட்டு மருந்து போடும் முறை

* முதலில் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.
* பாட்டில் சீல் உடையாமல் இருக்கிறதா, காலாவதி தேதி தாண்டவில்லையா என்று பார்க்க வேண்டும்.
* தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும்.
* பாட்டில் முனை கண்ணிலோ, இமையிலோ, விரலிலோ படக் கூடாது.
* போட்ட பிறகு ஒரு நிமிடம் கண்ணை மெதுவாக மூடிக்கொள்ளலாம்.
* திறந்த தேதியை பாட்டில் மேல் எழுதி வைக்க வேண்டும். லேபிளில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஒரு மாதத்தில் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.
* வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது.

தினமும் செய்ய வேண்டியது

காலையில்: சுத்தமான துணியைப் பொறுத்துக்கொள்ளும் அளவு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்கள் மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். இமை ஓரத்தில் உறைந்த எண்ணெய் இளகும். பிறகு விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் லேசாகத் தடவிவிட்டு, இமை ஓரத்தைத் துடைக்க வேண்டும். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

பயணத்தில்: ஹெல்மெட்டின் முன் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். தூசு விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும்.

வேலையில்: திரை, கண் மட்டத்தை விடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். மேலே பார்த்தால் கண் அகலமாகத் திறந்து சீக்கிரம் வறளும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்த்து, அப்போது பத்து முறை முழுசாக இமைக்கலாம். ஏசி காற்று நேராக முகத்தில் படாத இடத்துக்கு நாற்காலியை மாற்றுவது நல்லது.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள்: குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது. போட்டபடியே தூங்கவும் கூடாது.

ராத்திரியில்: கண் மையை முழுசாகக் கழுவிவிட்டுப் படுக்க வேண்டும். ஃபேன் காற்று முகத்தில் அடிக்காதபடி படுக்கையைத் திருப்பிப் போடலாம். விளக்கை அணைத்துவிட்டு மொபைல் பார்க்கும் பழக்கத்தைக் குறைத்தால் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் நல்லது.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் விடலாமா?

கூடாது. விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், பன்னீர், வெங்காயச் சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல. ஏற்கெனவே வறண்டு உராய்ந்த கருவிழியில் இவற்றை விட்டால் தொற்று வந்து புண்ணாகும் ஆபத்து உண்டு. மூடிய இமை மேல் வெள்ளரித் துண்டு வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, முட்டை, மீன் எல்லாம் கண்ணுக்கு நல்லவை. ஆனால் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிப் போட்டால் வறட்சி போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குழந்தைக்குக் கண் வறட்சியோடு மாலைக்கண்ணும் இருந்தால் அது வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கடுமையான வலி, பார்வை மங்கி இமைத்த பிறகும் தெளியாமல் இருப்பது, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, சீழ் வடிவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, லென்ஸ் போடுபவர்களுக்குக் கண் சிவப்பது... இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டு வலியும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றபடி, இரண்டு மூன்று வாரம் பழக்கத்தை மாற்றியும் உறுத்தல் குறையாவிட்டால் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

பரிசோதனை எளிதானது. கீழ் இமையில் சிறிய காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் வறட்சி அதிகம் என்று பொருள். சாயச் சொட்டு விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் அது இயல்பு அல்ல.

சேலையூர், தாம்பரம் பகுதி மக்களுக்கு குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனைக்குப் போகலாம். போகும்போது, இதுவரை கண்ணில் போட்ட எல்லா சொட்டு மருந்து பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். காலி பாட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் ஸ்டீராய்டு ஏதாவது இருந்ததா, கண் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டுமா என்பதை டாக்டர் அந்த லேபிளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.