கறுப்பு வெள்ளை முகங்கள்: புள்ளியும் பூச்சும்

மலருக்குப் பழைய படம் கேட்டால் நண்பர்கள் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு வேண்டுகோளும் வருகிறது. "மூஞ்சி பூரா புள்ளி புள்ளியா இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டு பளிச்சுன்னு ஆக்கிடுங்க." கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது, அதைத் துடைத்தால் கூடவே எது போகும் என்பதை வரலாறு படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

பிலிமில் பூசிய ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கும். வெளிச்சம் பட்டவை டெவலப்பரில் கறுத்த வெள்ளியாக மாறும். படாதவை ஹைப்போவில் கரைந்து போகும். மிஞ்சிய வெள்ளித் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு தெரிவதைத்தான் 'கிரெய்ன்' என்கிறோம். ஆக, புள்ளி என்பது படத்தின்மேல் விழுந்த அழுக்கு அல்ல. படமே அதனால் ஆனது.

ஆரம்ப காலத்தில் சொரசொரப்பு வேறு வழியில் வந்தது. 1841-இல் இங்கிலாந்தின் டால்பட் காப்புரிமை பெற்ற முறையில் நெகட்டிவே காகிதம்தான். 1843 முதல் எடின்பரோவில் ஹில் என்ற ஓவியரும் ஆடம்சன் என்ற இளைஞரும் சேர்ந்து பாதிரிமார்களையும், நியூஹேவன் மீனவப் பெண்களையும் அந்த முறையில் படம் எடுத்தார்கள். காகிதத்தின் நார் முகத்திலும் துணியிலும் படிந்தது. அதைக் குறையென்று ஹில் நினைக்கவில்லை. அதுதான் படத்துக்கு உயிர் என்று கருதினார்.

1851-இல் கண்ணாடித் தட்டு முறை வந்தது. படம் கூர்மையாயிற்று, சங்கடமும் தொடங்கிற்று. அந்தத் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாகப் பிடித்தன. சிவந்த பருவும் பழுப்பு மச்சமும் உள்ளதைவிடக் கறுப்பாக விழுந்தன. காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர் "இது நானா?" என்று கேட்டால் ஸ்டுடியோக்காரர் என்ன செய்வார்? பென்சிலைக் கையில் எடுத்தார். நெகட்டிவில் சுருக்கம் இருக்கும் இடம் வெளுப்பாக இருக்கும். அங்கே பென்சிலால் மெல்ல நிரப்பினால் பிரின்டில் சுருக்கம் மறையும். கறுப்பு கூட வேண்டுமென்றால் கத்தி முனையால் சுரண்டுவார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்று சொன்னதும் இதே வேலைதான். தட்டு செய்த பிழையைக் கை திருத்திய வரையில் அதில் நியாயம் இருந்தது. அறுபது வயதுக்காரரை நாற்பதாக்கியபோது அது வேறு வியாபாரம்.

இந்த டச்சிங்கை ஒப்புக்கொள்ளாதவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48-ஆம் வயதில், 1863-இல்தான் மகளும் மருமகனும் அவருக்குக் கேமரா பரிசளித்தார்கள். படத்தில் கீறலும் விரல் தடமும் இருக்கும், ஃபோகஸ் மென்மையாக இருக்கும். இதையே சொல்லி அன்றைய விமர்சகர்கள் இவரைத் திட்டினார்கள். 1867-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை எடுத்தார். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று 1819-இலேயே கண்டுசொன்னவர் அந்த ஹெர்ஷல். முதுமையின் ஒரு வரியைக்கூட மறைக்காத அந்த முகம் இன்றும் நம்மைப் பார்க்கிறது.

கேமரன் 1875-இல் குடும்பத்தோடு இலங்கைக்குப் போனார். 1879-இல் அங்கேயே மறைந்தார். அங்கே அவர் எடுத்தவர்களில் தோட்டங்களில் உழைத்தவர்களும் உண்டு. ஹெர்ஷலின் பெயர் படத்தோடு நிற்கிறது. இவர்களோ பெரும்பாலும் 'விவசாயிகள்' என்பது போன்ற பொதுத் தலைப்புகளில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு முகம் ஒன்றே சாட்சி.

கண்ணாடித் தட்டு பெரியது. அதைக் காகிதத்தோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரின்ட் போட்டதால் புள்ளி கண்ணில் படவில்லை. 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தபின் சின்ன நெகட்டிவைப் பல மடங்கு பெரிதாக்கும் வழக்கம் பரவியது. புள்ளியும் வெளியே வந்தது. 1954-இல் கோடக் நிறுவனம் 35 மி.மீ. அளவில் ட்ரை-எக்ஸ் பிலிமைக் கொண்டுவந்தது. வேகமான பிலிமில் படிகங்கள் பெரியவை. அதனால் மங்கிய விளக்கிலும் ஃபிளாஷ் இல்லாமல் முகம் கிடைத்தது; விலையாகப் புள்ளியும் கூடியது. பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து, புள்ளி இருந்தால் நிஜம் என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. 1990-இல் ஃபோட்டோஷாப் வந்தபின், இல்லாத புள்ளியைத் தூவி 'பழைய படம்' ஆக்குவதும் சுலபமாயிற்று. பார்த்தீர்களா, ஒருவர் துடைக்கிறார், இன்னொருவர் தூவுகிறார்!

இதெல்லாம் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் கம்போடியாவைப் பார்க்க வேண்டும். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நோம் பென்னிலிருந்த டுவோல் ஸ்லெங் சிறைக்கு 14,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டார்கள். உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலர். உள்ளே வந்தவர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார்கள். 1990-களில் இரண்டு அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் அங்கிருந்த நெகட்டிவ்களைச் சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, புதிதாகப் பிரின்ட் போட்டார்கள். அது தொண்டு. 2021 ஏப்ரலில் ஒரு இணைய இதழில் அதே முகங்கள் சில வண்ணம் பூசப்பட்டு வெளிவந்தன. சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடியக் கலாசார அமைச்சகம் கண்டித்தது. இதழ் படங்களை நீக்கியது. தூசியைத் துடைப்பதற்கும் உதட்டை மாற்றுவதற்கும் உள்ள தூரம் இதுதான். சாகப் போகிற மனிதரைச் சிரிக்கவைத்தால், அவரைக் கொன்றவர் மேலுள்ள குற்றமும் கொஞ்சம் மங்கிப்போகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கித் தருகின்றன. மாணவத் தம்பி தங்கைகள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே இல்லாத விவரத்தை அது கண்டுபிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் படித்து ஊகிக்கிறது. உங்கள் தாத்தாவின் கண்ணில் யாரோ ஒருவரின் இமை வந்து உட்காரும். தாத்தாவை நேரில் பார்த்த பாட்டி கண்டுபிடித்துவிடுவார். உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

ஆகவே நண்பர்களே, வீட்டிலிருக்கும் படத்தை முதலில் உள்ளபடியே ஸ்கேன் செய்து தனியே வையுங்கள். கீறலையும் பூஞ்சையையும் நீக்குவது நகலில் நடக்கட்டும். முகத்தில் கை வைத்தால் 'திருத்தப்பட்டது' என்று கீழே போடுங்கள். நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள். குரூப் போட்டோவில் இருப்பவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. மற்றவர்களுக்கும் பெயர்கள் மறந்துகொண்டு வருகின்றன. இந்தச் சந்திப்பிலேயே உட்கார்ந்து, யார் யார், எந்த வருஷம் என்று ஒருவரையொருவர் கேட்டு, படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவிடுங்கள். புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெயர் விட்டுப்போகக் கூடாது.