வீதியில் வென்ற லோட்டஸ்

பந்தயக் கார் என்றால் ஷொக் அப்சோபர் இறுக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்பது பலரது எண்ணம். வழுவழுப்பான தடத்தில் அது சரியே. வளைவுகளில் கார் சாயாது. மேடுபள்ளமான வீதியிலோ இறுக்கம் மிகுந்தால் சில்லு துள்ளி எழும். நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிடி ஏது?

இதற்கு நான் காட்டும் சான்று 1987ஆம் ஆண்டு போர்முலா வன் பந்தயங்கள். லோட்டஸ் நிறுவனம் தனது 99டி காரில் ஷொக் அப்சோபரின் வேலையைக் கணினி இயக்கும் ஹைட்ரோலிக் உருளைகளிடம் ஒப்படைத்தது. மேட்டிலும் பள்ளத்திலும் அவை தாமே நீண்டு குறுகின. பாரம் கூடியது, இயந்திர வலுவிலும் ஒரு பங்கை அவை விழுங்கின. வழமையான தடங்களில் வில்லியம்ஸ் கார்களின் கையே ஓங்கியிருந்தது. அயர்டன் சென்னா அவ்வாண்டு வென்றவை இரண்டே: மே மாதம் மொனாக்கோ, ஜூனில் டெட்ரொயிட். இரண்டும் நகர வீதிகள்!

மொனாக்கோவில் முன்னே சென்ற மான்செல்லின் கார் பழுதானது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் டெட்ரொயிட்டில் சென்னா டயர் மாற்றக்கூட நிற்காமல் ஓடி முடித்தார்.

இம்முறை 1994 முதல் தடைசெய்யப்பட்டது. எனினும் 2007இல் வந்த ஃபெராரி 430 ஸ்குடேரியாவில், மற்றவற்றைப் பந்தய நிலையிலேயே விட்டு ஷொக் அப்சோபரை மட்டும் தளர்த்த ஒரு தனிப் பொத்தான் இருந்தது.