வாவிக்கரையும் சுவரோவியமும்: நிலைபேறு, புதுக்கல் என்பன பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பாவுக்குச் செல்லும் தமிழ் வாசகர் ஒருவர் அங்குக் காணவேண்டிய சுவரோவியங்கள் எவை என வினவின், விடை கூறுதல் கடினமன்று. பாதுவா நகரில் ஜொத்தோ ஏறத்தாழ 1305இல் தீட்டி முடித்த ஸ்குரோவெஞ்ஞி சிற்றாலயம், புளோரன்சில் அதே ஓவியரின் கைவண்ணம் காணப்படும் சாந்தா குரோச்சே ஆலயம், வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய சிஸ்தீன் ஆலய விதானம் என்பன எந்தப் பயண நூலிலும் முதலிடம் பெறுவன. இப்பட்டியலை மீண்டும் ஒப்புவித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவை எஞ்சி நிற்க, வேறு பல அழிந்தொழிந்தமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. ஓவியனின் மேதைமையா, சுவரின் இயல்பா, அன்றிச் சுவரைத் தன் பொறுப்பிற் கொண்ட சமுதாயத்தின் முடிவா? மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள செட்டிபாளையம் போன்றதோர் ஊரில் நின்று நோக்குவார்க்கு இவ்வினா வெறும் கலைவினாவாக அமையாது. பழைய ஆலயங்கள் புதுக்கப்பட்டு வரும் இக்காலத்தில் அது நம்முடைய வரலாற்றைப் பற்றிய வினாவும் ஆகும்.

சுண்ணமும் சுவரும்

சுவரோவியம் அனைத்தும் ஒரே முறையில் ஆனதன்று. இத்தாலியர் பிரெஸ்கோ என வழங்கிய முறையில், ஈரம் புலராத சுண்ணச்சாந்தின்மீது நீரிற் குழைத்த நிறப்பொடி தீட்டப்படும். சாந்து உலருங்கால் சுண்ணம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகும். நிறத்துகள்கள் அக்கல்லினுள்ளே சிறைப்படும். பசையோ எண்ணெயோ வேண்டியதில்லை. ஆயின் சாந்து உலர்வதற்குள் தீட்டி முடித்தல் வேண்டும். ஆதலின் ஒரு நாளிற் தீட்டக்கூடிய அளவுக்கே சாந்து பூசப்பட்டது. உலர்ந்த சுவரிற் தீட்டும் முறை ஓவியனுக்கு ஆறுதல் தருவது. சுவரோடு ஒன்றாமையின் விரைவிற் கேடுறுவது. மிலான் நகரில் லியனார்டோ டா வின்சி தீட்டிய 'இறுதி இராப்போசனம்' உலர்சுவரில் ஆனமையாலேயே அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிற்று.

ஈரச்சாந்து முறை ஐரோப்பாவுக்கே உரியது எனக் கருதுதல் பிழை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் முதலாம் இராசராசன் காலத்து (985-1014) ஓவியங்கள் உள. 1930களில் அவற்றின் சாந்தையும் நிறத்தையும் வேதியியல் முறையில் ஆராய்ந்த சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சார்ந்த எஸ். பரமசிவன், அவை ஈரச்சுண்ணத்தில் தீட்டப்பட்டவை என்னும் முடிவுக்கு வந்தார். பாதுவாவில் ஜொத்தோ தூரிகை எடுப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்து ஓவியர் இத்தொழில்நுட்பத்தில் தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் இவ்வொப்புமையைப் பெருமைக்குரிய செய்தியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஸ்குரோவெஞ்ஞி சிற்றாலயத்தைக் கட்டுவித்தவன் வட்டித்தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தவன். தந்தையின் வட்டிப்பாவத்துக்குக் கழுவாயாகவே அதனை எழுப்பினான் என்பது மரபு. சாந்தா குரோச்சேயில் ஜொத்தோ தீட்டிய சிற்றாலயங்கள் பார்தி, பெருத்சி என்னும் வங்கிக் குடும்பங்களின் பெயரையே தாங்குவன. தஞ்சையிலோ பேரரசின் திறைப்பொருளே கோயிலாயிற்று. அக்கோயிற் கல்வெட்டுக்கள் கொடையாளரையும் ஆடல் மகளிரையும் பெயர் குறித்துப் பேசுகின்றன; உட்சுற்றிற் தீட்டிய ஓவியன் ஒருவனது பெயர்தானும் நமக்குக் கிட்டவில்லை. அவன் தீட்டிய சுவரும் ஒளி குன்றிய ஒடுங்கிய வழியில் உள்ளது. பொதுமக்கள் பார்வைக்கு உரியதாக அமைந்ததன்று. உழைத்தவன் கை சுவரில் உண்டு, வரலாற்றில் இல்லை.

இரண்டு வாவிகள்

இத்தாலி முழுவதும் ஈரச்சாந்து ஓவியம் தழைத்ததெனினும், வெனிஸ் நகரில் அது வேரூன்றவில்லை. வெனிஸ் ஒரு வாவியினுள் அமைந்த நகர். உவர்நீர் செங்கற்சுவரினூடு மேலேறும். நீர் ஆவியாகுங்கால் உப்புப் படிகங்கள் சாந்தின் கீழே விளைந்து, மேற்பரப்பைத் தள்ளி உதிர்க்கும். 1508ஐ ஒட்டி அந்நகரில் செருமானிய வணிகர் மாளிகையின் புறச்சுவரில் ஜியோர்ஜோனே, தீசியன் ஆகிய பேரோவியர் இருவர் தீட்டியவற்றிற் சிதைந்த துண்டுகள் சிலவே இன்று எஞ்சியுள. எனவே வெனிஸ் ஓவியர் சுவரை விடுத்துத் துணியை நாடினர். சான் றோக்கோ மண்டபத்தின் சுவர்களையும் விதானங்களையும் 1564 முதல் 1588 வரை தின்தொரெத்தோ நிறைத்தது துணியோவியங்களாலேயே ஆகும். சூழல் கலையின் ஊடகத்தை மாற்றியமைக்கு இஃது ஒரு தெளிவான சான்று.

இதனை மனத்திற் கொண்டு மட்டக்களப்பை நோக்குவோம். செட்டிபாளையம், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, மேற்கில் வாவியும் கிழக்கிற் கடலும் நெருக்க நிற்கும் ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்த ஊர். உவர்க்காற்று, நீண்ட மாரி, மணல் நிலம் ஆகியன இங்குச் சுவருக்குப் பகை. பழங்காலத்து ஊர்க்கோயில்கள் பல மண்ணும் மரமும் ஓலையும் கொண்டு ஆனவை. அத்தகைய சுவரில் ஆயிரமாண்டு நிற்கும் ஓவியத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயினும் உருவங்காட்டும் வேட்கை இங்கு இல்லாதொழிந்தது எனல் ஆகாது. கதிர்காமத்திற் கருவறையை மறைத்து நிற்கும் சீலையில் முருகனும் தேவியரும் தீட்டப்பட்டிருப்பதும், அச்சீலைக்கு முன்னரே வழிபாடு நிகழ்வதும் யாவரும் அறிந்தது. வாய்கட்டிப் பூசை செய்யும் மண்டூரும் அம்மரபோடு நெருங்கிய தொடர்புடையது. வெனிஸ் ஓவியர் துணியை நாடியதற்கு உப்பு காரணமாயிற்று. இங்கோ சடங்கு மரபே முதன்மையான காரணம். எனவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் மிகையாகும். ஆயினும் சுவரை மட்டும் தேடுபவர் வாவிக்கரையின் ஓவியத்தைக் காணத் தவறுவர் என்னும் பாடம் இரண்டிடத்துக்கும் பொதுவானது.

செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மன் ஆலயம் இவ்வகையில் மேலும் சிந்திக்கத் தூண்டுவது. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களின் சடங்கு, வைகாசித் திங்களிற் கதவு திறத்தலோடு தொடங்கிக் குளிர்த்தியோடு நிறைவெய்துவது. அந்நாள்களிற் கண்ணகி வழக்குரை பாடப்படும். தஞ்சைச் சுவரிலும் ஒரு வழக்கே தீட்டப்பட்டுள்ளமை ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. சுந்தரரின் மணம் தடைப்பட, முதியவர் அடிமையோலை காட்டித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குரைக்கும் காட்சி அது. ஒன்று பேரரசன் கோயிலின் உட்சுவரிற் சுண்ணத்தில் உறைந்தது. மற்றையது ஊர்மக்கள் கூடிய வெளியில் ஆண்டுதோறும் குரலிற் புத்துயிர் பெறுவது. முன்னையது பேணலால் வாழ்வது; பின்னையது புதுக்கலால் வாழ்வது. இவ்விரு நெறிகளுள் ஒன்றை உயர்வென்றும் மற்றையதைத் தாழ்வென்றும் கொள்ளுதல் வரலாற்று நோக்கன்று.

புதுக்கலின் இரு முகங்கள்

சிக்கல் எழுவது, புதுக்கும் நெறியை அப்படியே சுவருக்கும் பொருத்தும்போதாகும். குடமுழுக்கின்போது ஆலயத்துக்குப் புதுவண்ணம் தீட்டுதல் பக்தியின் வெளிப்பாடு. அதில் தீய எண்ணம் எதுவுமில்லை. ஆயினும் பாடலைப் புதிதாகப் பாடுவதாற் பழைய பாடல் அழிவதில்லை; சுவரைப் புதிதாகப் பூசுவதாற் பழைய சித்திரம் மறைந்துபோகிறது.

இது நமக்கு மட்டும் உரிய குறைபாடன்று. சாந்தா குரோச்சேயில் ஜொத்தோவின் ஓவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளையடித்து மூடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை மீண்டும் வெளிப்பட்டபோது, சிதைந்த இடங்களைத் திருத்துவோர் தம் கற்பனையால் நிரப்பினர். 1950களின் பிற்பகுதியில் அத்திருத்தங்கள் அகற்றப்பட்டன; வெற்றிடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. உலகெங்குமிருந்து பயணிகள் வந்து போற்றும் அச்சுவர்கள் ஒரு காலத்தில் அவ்வூராராலேயே வேண்டாதனவாகக் கருதப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது.

தஞ்சையில் நிகழ்ந்தது மேலும் நுணுக்கமானது. நாயக்கர் காலத்திற் சோழர் ஓவியத்தின்மீது புதுச்சாந்து பூசி வேறு ஓவியம் தீட்டப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் விளக்கொளியில் அவ்வுட்சுற்றை ஆராய்ந்தபோது, மேற்படை உதிர்ந்த இடத்திற் கீழ்ப்படை தோன்றக் கண்டார். சோழர் ஓவியம் உலகுக்கு அறிமுகமானது அவ்வாறே. மறைத்த படையே ஒளியினின்றும் புகையினின்றும் கீழ்ப்படையை ஓரளவு காத்துவந்தது என்பதும் உண்மை. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர் நாயக்கர் ஓவியங்களையும் அழியவிடாது, தனியே பிரித்தெடுத்து வேறு தளத்திற் பொருத்திக் காத்தனர். சோழரைக் காண்பதற்காக நாயக்கரை அழித்தல் வேண்டா என்னும் இம்முடிவு பெரிதும் பாராட்டத்தக்கது. ஒவ்வொரு படையும் ஒரு காலத்துச் சமுதாயத்தின் சான்றாகும்.

பார்வையாளரும் பதிவும்

ஓவியங் காண்பதற்குப் பயணம் செய்தல் ஐரோப்பியரிடமிருந்து நாம் கற்ற வழக்கமன்று. ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் காலத்திற் தீட்டப்பட்ட சிகிரியா ஓவியங்களைக் காண வந்தோர், அங்குள்ள பளிங்குச் சுவரிற் தம் உள்ளத்தெழுந்தவற்றைச் செய்யுளாகக் கீறிச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலன எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. செனரத் பரணவிதான 685 செய்யுள்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். ஆயிரமாண்டுக்கு முற்பட்ட பயணிகளின் குரல் இவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளது.

1967இல் அதே ஓவியங்கள்மீது தீயோர் சிலர் பச்சைப்பூச்சைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மறான்சி வரவழைக்கப்பட்டு அவை மீட்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொல்பொருள் ஆணையாளர் பெல்லின் காலத்தில், டி. ஏ. எல். பெரேரா என்னும் ஓவியர் பாறையில் தொங்கி நின்று எடுத்த படிகள் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள. மூலம் ஊறுபடினும் அதன் தோற்றத்தை அறிவிக்கும் சான்று அத்தகைய பதிவே. நிபுணரின் கையும் எப்போதும் நன்மையே செய்யும் என்பதற்கில்லை. அசந்தாவில் 1920-22இல் இத்தாலியத் திருத்துநர் பூசிய அரக்கு மெருகு காலப்போக்கிற் பழுப்பேறி ஓவியத்தை மங்கச் செய்தது. எனவே முதற்கடமை திருத்துதலன்று, பதிதலே ஆகும்.

முடிவாக

வாவிக்கரை ஊர்கள் 1978 நவம்பரில் வீசிய சூறாவளியையும், நீண்ட போரையும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டவை. இடிந்த கோயில்களை மீள எழுப்பிய மக்களின் உழைப்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் இயற்கையும் போரும் விட்டுவைத்ததைப் புதுவண்ணப் பூச்சால் நாமே இழத்தல் தவிர்க்கத்தக்கது. இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. புதுக்கும் பணி தொடங்குமுன் பழைய சுவர், தூண், திரைச்சீலை, தேர்ச்சித்திரம் ஆகியவற்றை அளவுகோலுடன் நிழற்படம் எடுத்தல். பூச்சு உதிர்ந்த இடங்களிற் கீழ்ப்படை உண்டா எனப் பார்த்தல். உவர் ஏறும் பழஞ்சுவரில் ஈரம் வெளியேறாது அடைக்கும் எனாமல் பூச்சைத் தவிர்த்தல். களைந்த சீலைகளை எரித்துவிடாது பேணல். தீட்டிய கைவினைஞரின் பெயரை ஊர் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் ஆகியன ஒரு மாணவர் குழுவுக்கு இயலும் பணிகளே. கிழக்குப் பல்கலைக்கழகமும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் அண்மையிலேயே உள்ளன. ஆலய பரிபாலன சபையாரை எதிர்த்தரப்பாக எண்ணாது அவரோடு இணைந்து இதனைச் செய்தல் வேண்டும்.

பாதுவாவின் சிற்றாலயத்தைக் காணும் வாய்ப்பு நம்முட் சிலருக்கே வாய்க்கும். வைகாசியிற் கதவு திறக்கும்போது செட்டிபாளையத்துச் சுவரையும் சீலையையும் காணும் வாய்ப்பு ஊரார் அனைவருக்கும் உண்டு. தஞ்சையில் ஓவியனின் பெயரை இழந்தோம். இங்கு அப்பெயரைச் சொல்லக்கூடியவர் சிலராவது இன்னும் நம்மிடையே இருத்தல் கூடும். அவர்களிடம் கேட்பதற்குரிய காலம் இதுவே.