கொடைக்கானல் தகடுகளும் ஈர்ப்பு வழக்கும்

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏறுகிறவருக்கு மூச்சு வாங்குவதுபோல, சூரியனின் ஈர்ப்பை மீறி வெளியேறும் ஒளியும் கொஞ்சம் ஆற்றலை இழக்கும் என்றார் ஐன்ஸ்டைன். இழப்பு அற்பம்தான்: நிறமாலைக் கோடுகளின் அலைநீளம் கோடிக்கு 21 பங்கு கூடி, சிவப்புப் பக்கம் நகரவேண்டும். இந்த நகர்வு இல்லையென்றால் தன் கோட்பாடே நிற்காது என்று அவரே எழுதியும் வைத்தார். அவ்வளவு நுண்ணிய நகர்வை அளந்த இடங்களில் ஒன்று, முருகனின் இன்னொரு மலைத்தொடரான பழனி மலைமேல் உள்ள கொடைக்கானல் வானாய்வகம். ஈர்ப்பு பற்றிய தீர்ப்பு 1919 சூரிய கிரகணத்தன்று ஒரே நாளில் வந்துவிட்டது என்பது பிரபலமான கதை. வழக்கு உண்மையில் எப்படி நடந்தது என்பதற்குக் கொடைக்கானல்தான் நல்ல சாட்சி.

ஐன்ஸ்டைன் பெயர் இங்கே அடிபடுவதற்கு முன்பே கோடுகள் நகர்ந்திருப்பது தெரியும். சூரிய வளிமண்டலத்தின் அழுத்தமே காரணம் என்று பலரும் நம்பினார்கள். கொடைக்கானல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், அங்கே அழுத்தம் அவ்வளவு இல்லை என்று காட்டி, வாயு கீழே இறங்குவதால் நகர்கிறது என்றார். ஆனால் இறங்கும் வாயு என்றால் சூரிய வட்டின் நடுவில்தான் நகர்வு அதிகம் தெரியவேண்டும். விளிம்பில் அந்த இயக்கம் நமக்குக் குறுக்காக நடப்பதால் நகர்வு மறைய வேண்டும். நிறமாலையைப் பதிந்த ஒளிப்படத் தகடுகளில் கண்டதோ நேர்மாறு, விளிம்பில்தான் அதிகம். இயக்கம்தான் காரணம் என்று விடாப்பிடியாக நின்றால், சூரியனின் எல்லாப் பக்கத்து வாயுவும் பூமியை விட்டு விலகி ஓடுவதாகச் சொல்லவேண்டும். எவர்ஷெட் அதையும் கூசாமல் சொல்லிப் பார்த்தார். ‘பூமி விளைவு’ என்று பெயரும் வைத்தார். அபத்தமாகத் தெரிந்த அந்த ஊகத்தைச் சோதிக்க அவர் தேர்ந்த வழி அபாரமானது: வெள்ளிக் கிரகம் பிரதிபலிக்கும் ஒளி. அது சூரியனின் நமக்குத் தெரியாத பக்கத்திலிருந்தும் வரக்கூடும். நகர்வு ஈர்ப்பால் வந்ததென்றால் எந்தப் பக்கமும் ஒன்றுதான். வெள்ளியின் ஒளியைப் பதிந்த தகடுகள் அவரைக் குழப்பின. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் வானியலாளர் செயின்ட் ஜானும் முதலில் ஐன்ஸ்டைன் நகர்வு இல்லை என்றே அறிவித்தார். ஆனால் 1923 வாக்கில் இருவரும் ஐன்ஸ்டைன் பக்கம் வந்தார்கள்.

கிரகணமே போதுமே, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். கிரகணம் சோதித்தது ஒளி வளைவதை; இது வேறு கணிப்பு. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஐன்ஸ்டைனுக்குப் போட்டியாக 1913இல் பின்லாந்துக்காரர் நூர்ட்ஸ்ட்ரோம் வகுத்த ஈர்ப்புக் கோட்பாடும் இதே சிவப்பு நகர்வைச் சொல்கிறது. ஆனால் ஒளி வளைவதை மறுக்கிறது. அப்படியானால் கொடைக்கானல் தகடு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்காது. உண்மைதான். ஆனால் நகர்வு இல்லை என்று அது காட்டியிருந்தால் இருவருமே வீழ்ந்திருப்பார்கள். ஒரு கோட்பாட்டை வீழ்த்தக்கூடிய அளவீடு, அதற்கு மகுடம் சூட்டாவிட்டாலும் மதிப்புள்ளதே.

சூரியனை நம்பாமல் தரையிலேயே இதை அளந்தவர்கள் ஹார்வர்டின் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும். 22.5 மீட்டர் கோபுரம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. முடிவு வெளியான 1960 ஏப்ரல் 1, திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த அதே நாள் என்பது தற்செயல்தான். எவர்ஷெட்டை அலைக்கழித்த விளிம்புப் புதிருக்கும் பிறகு விடை கிடைத்தது. சூரியப் பரப்பில் கொதித்தெழும் வாயு நடுவட்டில் கோடுகளை நீலப் பக்கம் இழுத்து, ஈர்ப்பின் நகர்வில் ஒரு பகுதியை மறைக்கிறது. விளிம்பில் அந்த இழுப்பு குறைகிறது.