கடன் பதிவு சரியில்லையா? வாகனம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பேரு பிளாக்லிஸ்ட்ல இருக்கு, லோன் கிடைக்காது." வாகனக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது கார் கடையில் சொல்லப்படும் இந்த வார்த்தையை நம்பி, அதன்பிறகு வங்கிப் பக்கமே போகாதவர்கள் நம்மிடையே பலர். தோட்டத்திலிருந்து ஆலைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்வர வண்டி இல்லாமல் முடியாது என்பதால், அவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். அக்காள் பெயரில் கார் எடுக்கிறார்கள். இன்னொருவர் பாதி கட்டிய காரை வாங்கித் தொடர்ந்து கட்டுகிறார்கள். அல்லது கேட்ட வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றும் செலவு கூடிய வழிகள்.

உண்மையில் அப்படியொரு கறுப்புப் பட்டியலே இல்லை. கடன் தருவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த விதிப்படி முடிவு செய்கிறது. அதற்கு அது பார்ப்பது முக்கியமாக இரண்டு பதிவுகளை.

சிசிரிஸ், சிடோஸ்: இரண்டும் ஒன்றல்ல

சிசிரிஸ் என்பது பேங்க் நெகாராவின் கடன் தகவல் முறை. வங்கிகளிலும் அதில் பங்குபெறும் மற்ற நிறுவனங்களிலும் ஒருவருக்கு இருக்கும் கடன்கள், அவற்றைக் கடந்த 12 மாதங்களில் அவர் கட்டிய விதம், புதிதாகக் கேட்டிருக்கும் கடன்கள் ஆகியவை அதில் இருக்கும். பிடிபிடிஎன் கல்விக் கடனை மறந்துபோன பட்டதாரிகளுக்கு அதிர்ச்சி காத்திருப்பதும் இங்கேதான். ஒவ்வொரு மாதத்திற்கும் ஓர் எண் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி. 3 என்றால் மூன்று மாதம். சிசிரிஸ் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை, நல்லவர் கெட்டவர் என்று சொல்வதுமில்லை.

சிடோஸ் ஒரு தனியார் நிறுவனம். 2010ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது. நீதிமன்ற வழக்குகள், திவால் அறிவிப்புகள், நிறுவனப் பதிவுகள் போன்றவற்றையும் திரட்டி, 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. எப்போதோ கட்டாமல் விட்ட கைப்பேசிக் கட்டணத்திற்காக நிறுவனம் வழக்குப் போட்டிருந்தால், சிசிரிஸில் ஒன்றும் இல்லாமலேயே சிடோஸில் அது தெரியக்கூடும். பணத்தைக் கட்டி முடித்த பிறகும் அந்தப் பதிவு அப்படியே இருந்தால், கட்டியதற்கான கடிதத்தைக் கொடுத்துப் பதிவைத் திருத்தக் கேட்கலாம். அந்தக் கடிதத்தை வாங்கி வைக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஆகவே முதல் வேலை, தன் அறிக்கையைத் தானே பார்ப்பது. சிசிரிஸ் அறிக்கை இலவசம். பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் பதிவு செய்து பார்க்கலாம். அதில் தவறு இருந்தால், தகவலை அனுப்பிய வங்கியிடம்தான் திருத்தக் கேட்க வேண்டும். வெளியாள் யாரும் அதில் கை வைக்க முடியாது. "சிசிரிஸ் கிளீன் பண்ணித் தருகிறோம்" என்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களுக்குக் கொடுக்கும் காசு வீண் காசு.

சாலைப் போக்குவரத்து இலாகாவின் தடை வேறு விவகாரம். கட்டாத அபராதத்தால் சாலை வரி புதுப்பிக்க முடியாமல் போவதும் 'பிளாக்லிஸ்ட்' என்றே பேச்சில் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

பன்னிரண்டு மாதங்களின் மதிப்பு

சிசிரிஸ் காட்டுவது கடந்த 12 மாதங்களை மட்டும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்று பாக்கியைக் கட்டி முடித்து, அடுத்த ஓராண்டுக்குத் தவணைகளை நாள் தவறாமல் கட்டி வந்தால், பழைய 2களும் 3களும் மாதத்திற்கு ஒன்றாக அறிக்கையிலிருந்து விலகி அங்கே 0 வந்து உட்காரும். ஆறேழு மாதம் தொடர்ந்து 0 இருந்தாலே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கிகள் உண்டு.

காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40,000 வெள்ளி கடன், 9 ஆண்டு. நல்ல பதிவு உள்ளவருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்த வட்டி 14,400 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 504 வெள்ளி. பதிவு சரியில்லாதவருக்கு அதே கடன் 7 விழுக்காட்டில் கிடைத்தால் வட்டி 25,200 வெள்ளி. தவணை ஏறக்குறைய 604 வெள்ளி. மாதத்திற்கு 100 வெள்ளிதானே என்று தோன்றும். 108 மாதத்தில் அது 10,800 வெள்ளி. நல்ல நிலையில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

இன்னொன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. நிலையான வட்டி என்பது கடன் குறையக் குறையக் குறைவதில்லை. கடைசி மாதம்வரை முதல் நாள் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் பாக்கியை வைத்துப் பார்த்தால் அந்த 4 விழுக்காடு 7க்குச் சற்று மேலே போகும். 7 என்பது ஏறத்தாழ 12 ஆகும். வாடகைக் கொள்முதல் சட்டம் வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் இருப்பதெல்லாம் மலிவு என்று அர்த்தமில்லை.

பதிவு மட்டும் போதாது

பாக்கியே இல்லாதவர்களின் விண்ணப்பமும் திரும்புவதுண்டு. காரணம், சம்பளத்தில் கடனுக்குப் போகும் பங்கு. கைக்கு 2,200 வெள்ளி வருபவர் மோட்டார் தவணைக்கு 250, தனிநபர் கடனுக்கு 350, கல்விக் கடனுக்கு 100 என்று 700 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தால், 500 வெள்ளி கார் தவணையும் சேரும்போது சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகிறது. இந்த வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். இப்படிப்பட்டவருக்குக் கார் விலையைக் குறைப்பதைவிட அந்த 350 வெள்ளிக் கடனை முதலில் முடிப்பது அதிகம் உதவும்.

குத்தகை வேலை, லாரி ஓட்டம், பசார் மாலாம் வியாபாரம் என்று சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, இபிஎஃப் அறிக்கை, வருமான வரிப் படிவம், வியாபாரப் பதிவு ஆகியவற்றைக் காட்டலாம். அன்றாட வரவைக் கையிலேயே வைத்துச் செலவழிப்பவர்கள், விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதை வங்கியில் போட்டு எடுக்கத் தொடங்குவது நல்லது. ஒரே வாரத்தில் ஐந்தாறு வங்கிகளுக்கு விண்ணப்பிப்பதும் வேண்டாம். நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எல்லாம் மற்ற வங்கிகளின் கண்ணில் படும்.

முன்பணம் சட்டப்படி ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காடு. பதிவு சரியில்லாதவர் அதைக் கூட்டிக் கொடுத்தால் வாய்ப்பும் கூடும், வட்டிச் சுமையும் குறையும். "முன்பணமே வேண்டாம், ஃபுல் லோன்" என்று அழைக்கும் இடத்தில், ஒப்பந்தத்தில் காரின் விலை என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விலையைக் கூட்டி எழுதி, வராத முன்பணத்தை வந்ததாகக் காட்டுவது பழைய வித்தை. அந்தக் கூட்டிய விலைக்கும் சேர்த்து வட்டி கட்டப்போவது வாங்குபவர்தான்.

வங்கி இல்லாமல் கிரெடிட் நிறுவனத்தில் மோட்டார் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறில்லை. கட்டுவது சிசிரிஸில் பதிவாகுமா என்று மட்டும் கேட்டுவிட வேண்டும். பதிவானால் சிறிய கடனை ஒழுங்காகக் கட்டுவதே அடுத்த கடனுக்குச் சாட்சியாகும். உரிமம் பெற்ற வட்டிக்கடைகளுக்கு 1951ஆம் ஆண்டு சட்டப்படி அடமானத்தோடு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானமின்றி 18 விழுக்காடு என்பதே உச்சம். மாதத்திற்கு 10 விழுக்காடு கேட்பவரும், கடன் தருவதற்கு முன்பே 'புரோசெசிங்' பணம் கேட்பவரும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காள் பெயரில் ஒரு கார்

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பதும், அதிகம் பேசப்படாததும் இதுதான். தம்பியின் பதிவு சரியில்லை. அரசாங்க வேலையிலோ தொழிற்சாலையிலோ நிலையான சம்பளம் வாங்கும் அக்காள் கையெழுத்துப் போடுகிறார். "நான் மாசா மாசம் கட்டிடுறேன்கா" என்ற வாக்குத்தான் ஒப்பந்தம். சட்டத்தின் கண்ணில் தம்பி அதில் இல்லவே இல்லை. தவணை தவறினால் கெடுவது அக்காளின் சிசிரிஸ். வேகக் கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் அவர் வீட்டுக்கு வரும். தம்பி ஒரு தவணைகூடத் தவறவில்லை என்றாலும், இரண்டு ஆண்டு கழித்து அக்காள் வீடு வாங்கப் போகும்போது அந்த 500 வெள்ளி அவருடைய கடனாகவே கணக்கிடப்படும். வீட்டுக் கடன் அதனாலேயே நிராகரிக்கப்படலாம். கேட்கும்போது மறுத்தால் உறவு கசக்கும் என்பது உண்மைதான். கையெழுத்துப் போட்டபின் கசந்தால் அதோடு கடனும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு மாற்று, தம்பி தன் பெயரிலேயே விண்ணப்பித்து அக்காள் ஜாமீன் நிற்பது. ஜாமீன் நின்றவரும் கடனுக்குப் பொறுப்பு; அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, லாப நோக்கமின்றி ஒருவரின் சொந்த உபயோக வாகனத்திற்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. பெயரையே கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

'சம்போங் பாயார்' என்னும் தொடர்ந்து கட்டும் ஏற்பாடு இதைவிட மோசம். நிதி நிறுவனத்தின் சம்மதமில்லாமல் வாடகைக் கொள்முதல் வாகனத்தைக் கைமாற்றுவது சட்டவிரோதம். வாங்கியவர் ஐந்து ஆண்டு கட்டினாலும் கார் அவருடையதாகாது. பழைய உரிமையாளர் போனை எடுக்காமல் போனால் கேட்பதற்கு வழியில்லை. விற்றவருக்கோ, கார் எங்கே ஓடுகிறது என்றே தெரியாமல் கடன் மட்டும் பெயரில் நிற்கும். முறையான வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது: நிதி நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு ஒப்பந்தத்தை மற்றவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணமின்றி அவர்கள் மறுக்கக் கூடாது.

தவணை தவறிவிட்டால்

வாகனத்தை எடுத்தபின் வேலை போய், தவணை நின்றுவிட்டால் உடனே வந்து இழுத்துச் செல்ல முடியாது. மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். பிறகு 21 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வர வேண்டும். அது கிடைத்து 14 நாளுக்குப் பின் இரண்டாவது அறிவிப்பு. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொடவே முடியாது. இழுக்க வருபவர் அனுமதி அட்டை வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லலாம். வாகனம் எடுத்தவர் இறந்துவிட்டால், குடும்பத்திற்கு நான்கு தவணைவரை அவகாசம் உண்டு. இது தெரியாமல், துக்க வீட்டிலேயே சாவியைக் கொடுத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

21 நாள் அறிவிப்புக் காலத்திற்குள் தாமாகவே திருப்பிக் கொடுத்தால், இழுத்துச் செல்லும் செலவு தலையில் விழாது. இழுத்துச் சென்றபின்னும் 21 நாளுக்கு விற்கக் கூடாது. பாக்கியையும் செலவையும் கட்டி மீட்கலாம். அதற்கும் முடியாமல் ஏலத்திற்குப் போனால், ஏல விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டியவர் வாகனம் எடுத்தவரே. "காரைத்தான் எடுத்துட்டாங்களே" என்று இருந்துவிட்டவர்களுக்குச் சில ஆண்டு கழித்து வழக்கறிஞர் கடிதம் வருவது இதனால்தான். அந்தத் தொகை வழக்காகி 100,000 வெள்ளியை எட்டினால் திவால் நடவடிக்கைக்கும் வழியுண்டு.

அறிவிப்பு வருவதற்கு முன்பே வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ கேட்கலாம். பல கடன்கள் ஒன்றாக நெருக்கினால் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய இந்த நிறுவனம், கடன்களை ஒன்று சேர்த்துக் கட்டக்கூடிய தவணையாக வங்கிகளோடு பேசித் தருகிறது. கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் கிடைப்பது அரிது என்பதால், வாகனம் தேவைப்படுபவர்கள் அதையும் ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சட்டத்தை மீறி வாகனம் இழுக்கப்பட்டிருந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்; ஒப்பந்த நகல், கட்டிய ரசீதுகள், வந்த அறிவிப்புகள் ஆகியவற்றை உடன் கொண்டுபோக வேண்டும்.